பங்களாவா, லைன் வீடா, காபித் தோட்டத்து வீடா? சின்ன பட்ஜெட் பேய்ப் படத்துக்கு மலையில் இடம் தேடுகிறவர்களுக்கு

“அண்ணா, பேய்ப் படம் ஒண்ணு பண்றோம். பழைய பங்களா ஒண்ணு வேணும். பட்ஜெட் ரொம்பக் கம்மிங்ண்ணா.”

போன மாதம் மட்டும் இப்படி நான்கு போன் வந்தது. நான்கு பேரின் கதையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒரு பெண்ணை அநியாயமாகக் கொன்றுவிடுகிறார்கள், அவள் திரும்பி வருகிறாள், கொன்றவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடிக்கிறாள். பத்துப் பன்னிரண்டு இரவுக்குள் எடுத்து முடிக்க வேண்டும், யூனிட்டில் இருபது பேருக்கு மேல் கிடையாது. ஊட்டி, குன்னூர் பக்கம் பங்களா எடுப்பதா, கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருந்த எஸ்டேட் லைன் வீட்டில் எடுப்பதா, கொடைக்கானல் கீழ்மலையில் காபித் தோட்டத்து வீடு பிடிப்பதா என்று எல்லோருக்கும் குழப்பம். போனில் ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் பேசுகிறேன், பாதியை மறந்துவிடுகிறேன். அதனால் மொத்தத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது கோத்தகிரியில். சின்ன யூனிட்டுகளுக்கு இடம், சாப்பாடு, தங்குமிடம் ஏற்பாடு செய்து கொடுப்பது சில வருடங்களாக என் வேலை. மாமனார் ஊர் பண்ணைக்காடு, அதனால் கொடைக்கானல் இருக்கிற பழனி மலைப் பக்கமும் வருடத்தில் நாலைந்து தடவை போய் வருகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

எல்லோரும் வாடகையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: செத்தது யார், கொன்றது யார்?

பழிவாங்கும் பேய்க் கதைக்கும் மற்ற பேய்க் கதைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மற்ற கதையில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் பயம். பழிவாங்கும் கதையில் இடைவேளைக்குள் எல்லாம் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு பார்க்கிறவர் பேய் பக்கம் நிற்க வேண்டும், “இவனை விடாதே” என்று மனசுக்குள் சொல்ல வேண்டும். அது நடக்காவிட்டால் பின்பாதி முழுக்க ஒவ்வொருத்தனாகச் சாவதை எண்ணிக்கொண்டிருப்பதுதான் மிச்சம்.

நம்மிடம் இருக்கிற பழைய கதையையே எடுத்துக்கொள்ளுங்கள், பழையனூர் நீலி. நகைக்காகப் புருஷன் கையால் செத்தவள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனைத் துரத்திப் போய், ஊர் அம்பலத்தில் எழுபது வேளாளர்கள் முன்னால் நியாயம் கேட்டு அழுகிறாள். அவர்கள் அவளை நம்பி, அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம், கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். அந்தக் கதையில் பாழடைந்த பங்களா எங்கே இருக்கிறது? கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண் குழந்தையோடு அழுதுகொண்டு நிற்கிறாள், அவ்வளவுதான். இத்தனை நூற்றாண்டு கழித்தும் ‘நீலிக் கண்ணீர்’ என்று பேச்சில் நிற்கிறது.

ஆக முதல் அளவுகோல், இடம் கதைக்குக் காரணம் தருகிறதா என்பது. இங்கே இப்படி ஒரு கொலை நடந்திருக்கும், மூடி மறைத்திருப்பார்கள் என்று சுவரைப் பார்த்தாலே தோன்ற வேண்டும்.

இரண்டாவது, இரவில் உங்களுக்கு உண்மையாக எத்தனை மணி நேரம் கிடைக்கும். சாயங்காலம் ஆறு முதல் காலை ஆறு வரை என்று பேப்பரில் போடுவீர்கள், குளிரும் மழையும் காட்டு மிருகமும் அக்கம்பக்கத்து வீடும் அதில் பாதியைத் தின்றுவிடும். மூன்றாவது கரண்டும் சாலையும், ஜெனரேட்டர் வேன் ஏறுமா ஏறாதா. நான்காவது சத்தம், அங்கேயே குரலைப் பதிவு செய்கிற லைவ் சவுண்ட் வைத்திருக்கிறீர்களா, முழுக்க டப்பிங்கா. தங்குமிடமும் சாப்பாடும் இதற்கெல்லாம் பிறகுதான், ஆனால் தங்குமிடம் படப்பிடிப்பு இடத்திலிருந்து அரை மணி நேரம் தள்ளி இருந்தால் தினமும் ஒரு மணி நேரம் மலைப்பாதையிலேயே போய்விடும்.

ஒரே வீடு போதுமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2007-ல் வெளிவந்த ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ படம் இயக்குநர் ஓரன் பெலியின் சொந்த வீட்டில், ஏறத்தாழ 15,000 டாலர் செலவில் எடுக்கப்பட்டது. ஒரு வீடு தாராளமாகப் போதும், அது எந்த வீடு என்பதுதான் கேள்வி.

## ஊட்டி, குன்னூர் பங்களா

பார்வைக்கு இதை அடிக்க எதுவும் இல்லை. 1819-ல் கோத்தகிரிப் பக்கம் வந்த ஜான் சல்லிவன் அடுத்த சில வருடங்களிலேயே ஊட்டியில் கல் வீடு கட்டினார், அதிலிருந்து நூறு வருடத்துக்கு மேல் துரைமார்கள் கட்டிக்கொண்டே இருந்தார்கள். உயரமான ஜன்னல், கணப்பு அடுப்பு, தேக்குத் தரை, மாடிப்படி வளைவு, எங்கே கேமரா வைத்தாலும் ஃபிரேம் நிற்கும். ஆர்ட் டிபார்ட்மென்ட் செலவு பாதி குறையும்.

ஆனால் இந்தப் பங்களாக்களில் பெரும்பாலானவை இப்போது தங்கும் விடுதி. வெள்ளி முதல் ஞாயிறு வரை ஆள் வந்துவிடும், அதனால் தொடர்ச்சியாகப் பத்து இரவு கிடைப்பது கஷ்டம். நடுவில் சாமானை எல்லாம் இறக்கி ஏற்றினால் கன்டின்யூட்டி போய்விடும், லைட்மேன் பேட்டா மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். முன்பணமாக ஒரு பெரிய தொகை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நான் கூட்டிப்போன ஒரு யூனிட் மூன்றாவது இரவில் போலி ரத்தத்தை நேரடியாக மரத் தரையில் ஊற்றிவிட்டது, கீழே பிளாஸ்டிக் ஷீட் விரிக்கவில்லை. சிவப்புச் சாயம் பலகை இடுக்கில் இறங்கினால் துடைத்துப் போகாது. இழைத்து மறுபடி பாலிஷ் போட வேண்டியதாயிற்று, முன்பணம் முழுதும் அதற்கே போனது, அந்தப் பையன்கள் கடைசி இரண்டு நாள் எடுக்காமலே ஊருக்குத் திரும்பினார்கள். இப்போது யார் வந்தாலும் ரத்தக் காட்சி எத்தனை என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.

பெரிய ஹால் என்றால் பெரிய லைட் வேண்டும். நான்கு சின்ன எல்இடி பேனலை வைத்துக்கொண்டு இருபதடி உயரக் கூரை உள்ள ஹாலை இருட்டாகவும் காட்ட முடியாது, வெளிச்சமாகவும் காட்ட முடியாது, சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல்தான் வரும்.

அப்புறம் குளிர். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கமெல்லாம் புல்லில் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிரில் பேயாக நடிக்கிற பெண் வாயைத் திறந்தால் ஆவி பறக்கும். செத்தவளுக்கு மூச்சு ஏது? டேக்குக்கு முன்னால் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டால் ஒரு ஷாட்டுக்கு ஆவி குறையும். வெறுங்காலோடு பருத்திப் புடவையில் நிற்கிற பெண்ணிடம் இரவு இரண்டு மணிக்கு ஐஸையும் வாயில் போட்டுக்கொள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. சொல்வதாக இருந்தால் பக்கத்தில் கரி அடுப்பும் கம்பளியும் சுடுதண்ணீரும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

கதைக் காரணத்தில்தான் எனக்குப் பங்களா மேல் பெரிய குறை. பங்களா கிடைத்ததும் எல்லோரும் ஒரு துரை, ஒரு துரைசாணி, சுவரில் ஒரு படம் என்று எழுத ஆரம்பிக்கிறார்கள். அந்தத் துரைசாணிக்கு யாருக்காவது மனசு வலிக்குமா? அதே பங்களாவின் பின்கட்டில் சமையற்காரர், ஆயா, தோட்டக்காரர் குடும்பம் இருந்த வரிசை அறைகள் இன்னும் இருக்கும். பங்களாதான் வேண்டும் என்றால் கதையை அந்தப் பின்கட்டிலிருந்து தொடங்குங்கள், முன் ஹாலுக்கு அவள் கடைசி அரை மணி நேரத்தில் வந்தால் போதும். பெரிய லைட் செலவும் இரண்டு இரவோடு முடியும்.

## கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீடு

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

லைன் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு, முன்னால் ஒரே திண்ணை. நான் ஒரு யூனிட்டுக்காகப் பார்த்து வைத்த லைன் காலியாகிப் பல வருடம் ஆகிறது. நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர், அடுப்படிப் பக்கம் மட்டும் கருப்பு, நீலம் உரிந்த இடத்தில் அதற்கு முன் அடித்த பச்சை, அதற்கும் கீழே வெள்ளை. கதவுக்குப் பின்னால் யாரோ குழந்தையின் உயரத்தைக் கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், நான்கு கோடு. தகரக் கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரை போகவில்லை, மேலே ஒரு முழத்துக்கு இடைவெளி.

அந்த இடைவெளியைத்தான் நான் டைரக்டர் பையனிடம் காட்டினேன். அவனைப் பத்தாவது வீட்டில் உட்கார வைத்துவிட்டு, முதல் வீட்டில் நின்று சாதாரணக் குரலில் அவன் பெயரைச் சொன்னேன். கேட்டது. கொஞ்சம் தணித்துச் சொன்னேன், அதுவும் கேட்டது. வெளியே வந்தவன் முகமே மாறியிருந்தது. “அப்ப அன்னிக்கு ராத்திரி அவ கத்துனது பத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்ங்ண்ணா. ஒருத்தரும் வெளிய வரல.” அதுவரை அவன் கதையில் மூன்று வில்லன்கள் இருந்தார்கள். அன்று இரவு உட்கார்ந்து, கதவைத் திறக்காத வீடுகளின் கதையாக மாற்றி எழுதினான். அதைத்தான் இடம் கதைக்குத் தரும் காரணம் என்று சொல்கிறேன்.

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வரலாறும் கனமாகவே இருக்கிறது. 1964 சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசே இங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கியது, அதுதான் இன்றைய டேன்டீ. ஒரு மலையில் பிறந்து, கடல் தாண்டி இன்னொரு மலைக்கு வந்து, இரண்டு இடத்திலும் சொந்தமாக நிலம் இல்லாத குடும்பங்கள். அந்தப் பின்னணியில் ஒரு அநியாயச் சாவை எழுதினால் பேய்க்குக் குரல் தானாக வரும். ஆனால் ஆட்கள் குடியிருக்கிற லைனில் போய் இந்தக் கதையை எடுக்காதீர்கள். அவர்கள் வீட்டு வாசலில் நடுராத்திரி அலறல் வைத்தால் குழந்தைகள் பயப்படும், காலையில் கொழுந்து பறிக்கப் போக வேண்டிய பெண்களுக்குத் தூக்கம் போகும். காலி லைன் கிடைத்தால் மட்டும் எடுங்கள், எஸ்டேட் மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவதோடு பக்கத்து லைன் ஆட்களிடமும் நேரில் போய்க் கதையைச் சொல்லுங்கள், கும்பல் காட்சிக்கு அவர்களையே கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள்.

வாடகை இங்கே குறைவு. மறைந்திருக்கிற செலவு வேறு இடத்தில் இருக்கிறது. எஸ்டேட் சாலையில் ஜெனரேட்டர் வேன் திரும்பாது, கையில் தூக்குகிற ஜெனரேட்டரும் பேட்டரி லைட்டும்தான். தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, ஆகவே டப்பிங்குக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் நடு வரை, குன்னூர் கோத்தகிரிப் பக்கம் வரவே வேண்டாம். 2009 நவம்பரில் மண் சரிந்து எத்தனை வீடு போனது என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்புறம் கரடி. கோத்தகிரித் தோட்டங்களில் கரடி நடமாட்டம் சாதாரணம், விளக்கு எண்ணெய்க்காகக் கோயில் கதவையே உடைக்கிற கரடிகள் இவை. பூஜைக் காட்சிக்கு வைத்த எண்ணெய் விளக்கையும், சர்க்கரைப் பாகில் கலந்த ரத்தத்தையும் அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். கழுவி, துடைத்து, எண்ணெயை டப்பாவில் மூடி வண்டியில் ஏற்றிவிட வேண்டும். இதற்கென்று ஒரு ஆளையே நியமித்துவிடுங்கள்.

## கீழ்மலைக் காபித் தோட்டத்து வீடு

கொடைக்கானல் என்றதும் ஏரியும் கோக்கர்ஸ் வாக்கும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். நான் சொல்வது அதற்குக் கீழே, பண்ணைக்காடு, தாண்டிக்குடி, கே.சி.பட்டிப் பக்கம். ஊர்க்காரர்கள் கீழ்மலை என்பார்கள். டவுனை விட உயரம் குறைவு, அதனால் குளிர் தாங்கும், இரவு முழுக்க வேலை பார்க்கலாம். வத்தலக்குண்டிலிருந்து ஏறிவிடலாம், ஏதாவது உடைந்தால் திண்டுக்கல் போய் வாங்கி வரலாம்.

முதல் படம் எடுக்கிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஒரு ஓட்டு வீடு, காபி காய வைக்கிற களம், பின்னால் கிணறு, சுற்றிலும் நிழல் மரம், மரத்தில் மிளகுக்கொடி. யூனிட் பாதி அந்த வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம், சமையலும் அங்கேயே. பக்கத்து வீடு தூரம், அலறினாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை. நிழல் மரத்தின் கீழே இருட்டு என்றால் உண்மையான இருட்டு, ஒரு டார்ச் போதும், அது விழுகிற வட்டத்துக்கு வெளியே எதுவும் தெரியாது. பேய்ப் படத்துக்கு இதை விட மலிவான லைட்டிங் கிடையாது.

கதைக்கும் இடம் கொடுக்கும். கூடப் பிறந்தவளுக்குப் பங்கு கொடுக்காமல் ஏமாற்றிய அண்ணன்கள், கைநாட்டு வாங்கிய பத்திரம், கிணறு. இதற்கு விளக்கம் சொல்லவே வேண்டாம், பார்க்கிற ஒவ்வொருவர் குடும்பத்திலும் இப்படி ஒரு பத்திரம் இருக்கும்.

ஒரு வருடம் பங்குனியில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்ததைச் சொல்ல வேண்டும். மழை பெய்து ஒன்பது பத்து நாள் ஆகியிருந்தது, தோட்டம் முழுக்கக் காபி பூத்திருந்தது. கொப்பு தெரியாத அளவுக்கு வெள்ளை, மல்லிகை மாதிரி வாசனை. இரவு எட்டு மணிக்கு மாமியார் வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொண்டு களத்தில் நடந்து வந்தார், பூ எது துண்டு எது என்று தெரியவில்லை, முகமும் கையும் மட்டும் தனியாக மிதந்து வந்தது. ரோப் கட்டாமல், கிராஃபிக்ஸ் இல்லாமல் அப்படி ஒரு ஷாட். ஆனால் பூ இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும், தேதி குறித்து எடுக்க முடியாது. மார்ச், ஏப்ரலில் போகிறவர்கள் மழை விழுந்த தேதியைத் தோட்டக்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் வாய்ப்பு உண்டு.

குறைகளும் இருக்கின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காபி அறுவடை, களத்தில் காய் கிடக்கும், எந்த முதலாளியும் தர மாட்டார். மழைக் காலத்தில் அட்டைப் பூச்சி. சில்வண்டு சத்தம் இரவில் காதைத் துளைக்கும், லைவ் சவுண்ட் வைக்கிறவர்கள் தனியாகப் பத்து நிமிடம் அதை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள், எடிட்டிங்கில் தேவைப்படும். பெரும்பாறை, தாண்டிக்குடிப் பக்கம் யானை வரும், இரவில் வண்டி எடுத்துக்கொண்டு சுற்றக்கூடாது. மூடுபனி ஊட்டி அளவுக்கு நம்பிக்கையாக வராது. தாண்டிக்குடிப் பக்கம் பெருங்கற்காலக் கல்திட்டைகள் உண்டு, அங்கே ஒரு காட்சி வைக்கலாம் என்று யாராவது கேட்பார்கள். தூரத்திலிருந்து எடுங்கள், மேலே ஏறுவதோ குங்குமம் கொட்டுவதோ வேண்டாம், அவை பழங்காலத்து ஈமச்சின்னங்கள்.

## ஒரு பார்வையில்

| | பங்களா | லைன் வீடு | காபித் தோட்டத்து வீடு |
|---|---|---|---|
| கதைக்குக் காரணம் | பின்கட்டிலிருந்து எழுதினால் உண்டு | மிக அதிகம் | நிறைய |
| இரவு நேரம் | குளிரால் குறையும் | மழை, கரடியைப் பொறுத்து | கிட்டத்தட்ட முழு இரவு |
| கரண்ட், சாலை | நல்லது | சிரமம் | சமாளிக்கலாம் |
| சத்தம் | மரத்தரை கிறீச்சிடும் | தகரக் கூரை, டப்பிங் உறுதி | சில்வண்டு |
| கையைக் கடிக்கும் செலவு | முன்பணம், லைட் | டப்பிங், காவல் ஆள் | அறுவடை மாதத்தில் இடமே இல்லை |
| போகக் கூடாத மாதம் | ஏப்ரல், மே (சுற்றுலா சீசன்) | அக்டோபர் முதல் டிசம்பர் | நவம்பர் முதல் பிப்ரவரி |

வீட்டுக்குள் நடப்பதைக் கோயம்புத்தூரிலோ மதுரையிலோ எடுத்துவிட்டு, வெளிப்புறத்துக்கு மட்டும் இரண்டு நாள் மலைக்கு வரலாமா என்றும் கேட்கிறார்கள். பணம் மிச்சம்தான். ஆனால் மலைவீட்டின் ஈரச் சுவரும், ஜன்னல் வழியாக வருகிற அந்த வெளிச்சமும் கீழே கிடைக்காது, வெட்டிச் சேர்த்தால் தெரிந்துவிடும். முக்கால்வாசி ஒரே அறைக்குள் நடக்கிற கதை என்றால் மட்டும் சரி.

## மூன்றுக்கும் பொதுவாக

இ-பாஸ் முதலில். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில் நாளுக்கு இத்தனை வண்டிதான் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது: ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. யூனிட் வண்டி ஐந்து இருந்தால் ஐந்துக்கும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

காட்டுக்குள் ஒரே ஒரு ஷாட், யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். முதுமலை புலிகள் காப்பகம், முக்குர்த்தி தேசியப் பூங்கா, 2013-ல் அறிவித்த கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் எல்லாமே வனத்துறை அனுமதி இல்லாமல் படம் எடுக்க முடியாத இடம். தோட்டத்தில் ஓரமாக நாலு சில்வர் ஓக் மரம் வைத்து எடுத்தாலே காடு மாதிரி வரும்.

கருப்புப் பூனை, காக்கா, சேவல் எது வைத்தாலும் விலங்கு நல வாரியத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சென்சாரில் நிறுத்திவிடுவார்கள். சின்னப் படம் இந்த ஒரு காகிதத்துக்காக மாதக் கணக்கில் தூங்கிவிடும். பூனை கத்துகிற சத்தம் போதுமா, பூனையே வேண்டுமா என்று ஸ்கிரிப்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். ரத்தம் அதிகமாகி ‘ஏ’ சான்றிதழ் வந்தால் டிவியில் போட முடியாது, அதற்கென்று வெட்டி மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். டிவி உரிமையை நம்பிக் கடன் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

## யாருக்கு எது

பத்து இரவு, இருபது பேர், முதல் படம் என்றால் மே மாதக் கடைசியிலோ ஆகஸ்ட், செப்டம்பரில் மழை விட்ட நாட்களிலோ கீழ்மலை வீடு. கதையில் ஒரு ஊரே குற்றவாளி, டப்பிங்குக்குப் பணம் இருக்கிறது, பிப்ரவரி மார்ச்சில் வர முடியும் என்றால் யோசிக்காமல் லைன் வீடு. லைட்டுக்கும் முன்பணத்துக்கும் பணம் போட ஒரு தயாரிப்பாளர் இருந்து, கதை உண்மையாகவே அந்த வீட்டு வேலைக்காரர்களைப் பற்றியது என்றால் மட்டும் பங்களா.

எதை எடுத்தாலும் கேமரா இல்லாமல் ஒரு இரவு அங்கே தங்கிப் பாருங்கள். லைட்டை அணைத்துவிட்டு உட்காருங்கள். எந்தக் கதவு தானாக அசைகிறது, எத்தனை மணிக்குப் பனி இறங்குகிறது, எந்தப் பக்கம் நாய் குரைக்கிறது என்பதெல்லாம் பகலில் போய்ப் பார்த்தால் தெரியாது.

போன மாதம் கூப்பிட்ட நான்கு பேரில் ஒரு பையன் திருப்பூர்க்காரன். செத்தது யார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்க அம்மாவோட சித்திங்ண்ணா, எஸ்டேட்ல கொழுந்து பறிச்சவங்க” என்றான். அதற்கு மேல் நான் பங்களா பேச்சையே எடுக்கவில்லை. வருகிற வியாழக்கிழமை அந்தக் காலி லைனுக்கு வருகிறான், ஒரு இரவு தங்க. கம்பளியும் டார்ச்சும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். எண்ணெய்ப் பலகாரம் எதுவும் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.